யாத்திரைக்கு எந்த வண்டி?

ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பங்குகளில் பேரவைக் கூட்டம் எதைப் பற்றித் தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். வேளாங்கண்ணிக்கு எந்த வண்டியை அமர்த்துவது? 29ஆம் நாள் ஆரோக்கிய அன்னையின் திருக்கொடி ஏறும். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. அதற்குள் லாரியா, பேருந்தா, வேனா என்பது முடிவாக வேண்டும். வண்டி பிடிப்பது இளைஞர் வேலை, மறையுரை ஆற்றுவது குருவின் வேலை என்று பிரித்துவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதுவதில்லை. எந்த வண்டி என்பது முடிவாகும்போதே, அதில் யார் வருவார், யார் கோவில் வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு வீடு திரும்புவார் என்பதும் முடிவாகிவிடுகிறது.

சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலை திண்டிவனத்தில் பிரிகிறது. ஒரு கிளை விழுப்புரம் வழியே திருச்சிக்கும், மற்றொன்று கிளியனூர் வழியே புதுச்சேரிக்கும் செல்கிறது. விழுப்புரத்தார் வளவனூரும் கண்டமங்கலமும் கடந்து, வில்லியனூர் லூர்து அன்னையை வணங்கிவிட்டுப் புதுச்சேரியை அடைவர். அப்பால் இரு சாராருக்கும் கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என ஒரே வழிதான். தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் குறுக்கிடும் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பேருந்தில் சில மணி நேரம். காவியுடுத்திக் கொடி பிடித்து நடப்போருக்கோ ஆறேழு நாள். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010இல் இருப்புப்பாதை வந்தது. ஆயினும் நம் சிற்றூர் மக்கள் தம் தெருவில் ஏறி அன்னையின் வாசலில் இறங்கவே விரும்புகின்றனர். பாயும் தலையணையும் சோற்றுப் பானையும் முடியிறக்க வேண்டிய குழந்தையும் உடன் வரவேண்டுமே!

முன்பெல்லாம் லாரிதான். நெல் மூட்டையோ கரும்போ இறக்கிய லாரியைக் கழுவி, தளத்தில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, முகப்பில் அன்னையின் படத்துக்கு மாலை சூட்டினால் அது யாத்திரை வண்டி ஆகிவிடும். ஒரு தெருவே அதில் ஏறிவிடும். 2005இல் டாடாவின் ஏஸ் வண்டி சாலைக்கு வந்தபின், மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டு அதிலும் ஏறத் தொடங்கினர். முக்கால் டன் சரக்குக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. இருபது பேர் ஏறினால் எடை ஒரு டன்னைத் தாண்டும். இது கூடாது என்று நாம் பேரவையில் சொன்னபோது, விதவைத் தாய் ஒருவர் எழுந்து, “சாமி, லாரின்னா ஊரே போவலாம். பஸ்ஸுன்னா உள்ளவங்க மட்டும்தான் போவாங்க” என்றார். கூட்டம் அமைதியாயிற்று. அவர் சொன்னதில் பொய் இல்லை. லாரி வேண்டாம் என்பவர் எவராயினும் இந்தத் தாய்க்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதலில் லாரியைப் பார்ப்போம். அது சுமைக்காகப் பிறந்தது. பின்னச்சின் மேல் அடுக்கப்பட்ட பட்டைகள் பல டன் எடையை எதிர்நோக்கி அமைந்தவை. நாற்பது பேரின் எடை இரண்டரை டன்னுக்கு மேல் இராது. ஆகவே பட்டைகள் போதிய அளவு வளைந்து கொடுப்பதில்லை; பள்ளத்தில் வண்டி துள்ளும், அந்தத் துள்ளலை மனிதரின் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும். மூட்டை, அடுக்கிய இடத்தில் கிடக்கும். மனிதரோ வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வர், வேடிக்கை பார்க்க ஒரு பக்கமாகத் திரள்வர். எழுந்து நிற்போர் மிகுந்தால் வண்டியின் எடைநடு உயர்ந்து, கவிழ்வது எளிதாகிவிடும். திடீரென்று தடை பிடித்தால் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. லாரியில் ஏறுவதற்கே தோள் கொடுக்க ஆள் வேண்டும். வயது முதிர்ந்த தாய்மாரும் கருவுற்ற பெண்களும் படும் பாட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது சட்டம். சரக்கு வண்டியில் பயணிகளை ஏற்றுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் என்பதைப் பலரும் அறிவர். அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைப்பர். அறியாதது இன்னொன்று. சரக்கு வண்டியில் வெறும் பயணியாகச் சென்றவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்குடன் செல்ல 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. அந்தச் சலுகை ஒரு தெருவே ஏறுவதற்கு உரியது அன்று. ஆக, தலைக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்று லாரியில் ஏறுகிற ஏழையே, விபத்து நேர்ந்தால் வெறுங்கையோடு நிற்பவர். மலிவு என்று நாம் சொல்வது யாருக்கு மலிவு?

விவிலியத்திலும் வண்டி தேர்ந்தெடுக்கும் வேலை நடந்திருக்கிறது என்றால் அன்பர் சிலர் வியப்பர். எண்ணிக்கை நூலின் ஏழாம் அதிகாரத்தில் தலைவர்கள் மூடு வண்டிகள் ஆறும் காளைகள் பன்னிரண்டும் கொண்டுவருகின்றனர். மோசே அவற்றைச் சமமாகப் பங்கிடவில்லை. திரைகளையும் துணிகளையும் சுமக்கும் கேர்சோன் மக்களுக்கு இரண்டு வண்டி; சட்டங்களையும் தூண்களையும் சுமக்கும் மெராரி மக்களுக்கு நான்கு. திருப்பொருள்களைச் சுமக்கும் கோகாத்து மக்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் தோளில் சுமக்க வேண்டும். எது ஏறுகிறதோ அதைப் பார்த்தே வண்டி. பிற்காலத்தில் தாவீது பேழையைப் புது வண்டியில் ஏற்றினார். காளைகள் இடற, தாங்கிப் பிடித்த உசா இறந்தார். வண்டி புதியதுதான், ஆனால் அந்தச் சுமைக்கு உரியதன்று. இவற்றினும் நம் மனத்தைத் தொடுவது தொடக்க நூலில் யோசேப்பு அனுப்பிய வண்டிகள். குழந்தைகளும் பெண்களும் முதிய தந்தையும் ஏறி வருவதற்கென்றே எகிப்திலிருந்து அவை வந்தன. மகன் உயிரோடிருக்கிறான் என்ற சொல்லை யாக்கோபு நம்பவில்லை. வண்டிகளைக் கண்டபின்தான் அவர் உள்ளம் உயிர்த்தது. தமக்காக ஒருவர் எண்ணிப் பார்த்து அனுப்பிய வண்டி என்பதை முதியவர் கண்டுகொண்டார் போலும்.

நடைப்பயணிகளின் துணைவண்டி தனிக் கதை. வெளிநாடுகளில் படுக்கையும் அடுப்பும் கழிவறையும் உள்ள வீட்டு வண்டியில் குடும்பத்தோடு நாடு சுற்றுவர். நம் நாட்டிலும் கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. நம் மக்களுக்கு ஆறேழு நாள் வீடாக இருப்பது இந்தத் துணைவண்டியே. அரிசி, பருப்பு, அண்டா, தண்ணீர்ப் பீப்பாய், பாய், தார்ப்பாய், மருந்துப் பெட்டி, காலில் கொப்புளம் கண்டோருக்கு எண்ணெயும் துணியும். பழைய சாலையில் புளியமர நிழலும் ஊர்க் குழாயும் இருந்தன. நாற்கரச் சாலையும் புறவழிச் சாலையும் ஊர்களை விட்டு விலகிச் செல்வதால், நிழலையும் நீரையும் வண்டியே சுமந்து வரவேண்டியிருக்கிறது. ஆகவே இதற்கு லாரிதான் தக்கது. ஆனால் சரக்கு மட்டும் ஏறும் லாரி. பத்துச் சக்கர டாரஸ் வேண்டியதில்லை. அது நம் ஊர்ச் சந்துகளிலும் இரவு தங்கும் கோவில் வளாகங்களிலும் திரும்பாது. ஆறு சக்கர லாரி போதும்; சிறு கூட்டமானால் அதனினும் சிறியது போதும்.

இங்கே மூன்று செய்திகளில் நாம் விட்டுக்கொடுப்பதில்லை. சமையல் வாயு உருளை இருக்கும் வண்டியில் ஆள் படுக்கக் கூடாது. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த வாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் இறந்தனர். அவர்களும் திருத்தலம் நாடி வந்தவர்களே. அடுத்து, அன்னையின் சுரூபத்தை வண்டிமேல் வைத்து அலங்கரிக்கும்போது உயரம் மின்கம்பிக்கு எட்டக் கூடாது. 2022இல் தஞ்சை களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் மாண்டதை நாடே அறியும். மூன்றாவது, நண்பகலில் லாரிக்கு அடியில் நிழல் தேடிப் படுப்பது. வண்டி நகருமுன் ஒருவர் குனிந்து சுற்றிப் பார்த்தபின்தான் சாவி ஓட்டுநர் கைக்குப் போக வேண்டும்.

வீட்டு வண்டி என்றதும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தந்தை வெரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் செய்தது நினைவுக்கு வருகிறது. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு, கத்தோலிக்கக் கோவிலே இல்லாத செருமானிய ஊர்களில் சிதறிக் கிடந்த மக்களிடம் அவர் கோவில் வண்டிகளை அனுப்பினார். பெரிய ஊர்தியின் பக்கம் திறந்தால் பீடம். உள்ளே மறைப்பணியாளர் உறங்க இடம். கூடவே உணவும் உடையும். பீடத்தை ஏற்றிய வண்டியில் ரொட்டியையும் ஏற்றினார் என்பதே நமக்கு அவரிடம் பிடித்த செய்தி.

ஓட்டுநரைப் பற்றி யாத்திரைக் குழுக்கள் எண்ணுவதே இல்லை. மாலையில் புறப்பட்டு இரவெல்லாம் ஓட்டி, மக்கள் கடலாடித் திருப்பலி காணும் பகலில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் புழுங்கிக் கிடந்து, அன்றிரவே திரும்ப ஓட்டுகிறார். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு என்றும் வரையறுத்திருந்தது. எனவே அறை எடுக்கும்போது முதல் படுக்கை ஓட்டுநருக்கு. இரவே திரும்ப வேண்டுமென்றால் இரண்டாம் ஓட்டுநர். அவர் பிற சமயத்தவராக இருப்பார், பெரும்பாலும் அப்படித்தான். அவருடைய உறக்கத்தில் நம் ஐம்பது உயிர் இருக்கிறது.

இனி அந்தத் தாய்க்கு விடை. எங்கள் பேரவை பேருந்து என்றே முடிவு செய்தது. கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வைக்காமல், வீட்டு நிலைக்கு ஏற்ப வைத்தோம். விதவையர், முதியோர் இடங்களைப் பங்கே ஏற்றது. அதற்காகப் பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவு பாதியாயிற்று. வேடிக்கையில்லாத் திருவிழாவா என்று முணுமுணுத்தோர் உண்டு, முணுமுணுக்கட்டும். இடம் போதாதபோது இரு நாள் இரு நடையாகச் சென்றோம். வண்டியைப் பார்க்கப் போன குழுவில் பெண்கள் இருவரைச் சேர்த்தோம். ஆடவர் பாட்டுப் பெட்டியையும் சாயும் இருக்கையையும் பார்த்தனர். பெண்கள் முதற்படியின் உயரத்தையும், அவசர வழியை மறித்து இருக்கை போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தனர். தகுதிச் சான்று, காப்பீடு, டயர் ஆகியவற்றோடு, புதுச்சேரியும் காரைக்காலும் ஒன்றியப் பகுதி ஆதலால் அங்கே செல்ல அனுமதி உண்டா என்பதையும் கேட்டறிந்தோம்.

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. நடந்து செல்வோர் திரும்பும்போது துணைவண்டியிலேயே ஏறிக்கொள்வர். ஆறு நாள் நடந்து, கால் வீங்கி, அசதியில் சுருண்டு, இரவில், அண்டாக்களுக்கு நடுவே. பயணத்தின் மிக ஆபத்தான பகுதி அதுவே. இப்போது நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் அன்றே திரும்பும் பேருந்துக்கும் பணம் வாங்கிவிடுகிறோம். இயலாதவருக்குப் பங்கு செலுத்துகிறது. லாரி அண்டாக்களோடு முன்னே வந்துவிடும். நடந்தவர்கள் மறுநாள் விழாக்காலச் சிறப்புப் பேருந்தில் விழுப்புரம் நிலையத்தில் வந்து இறங்குவர். கோவில் வாசலில் அவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சி வைப்பது அந்தத் தாயின் பொறுப்பு.