கிண்ணியில் மட்டும் எரிந்த மருந்து

நாசரேத், பென்சில்வேனியா
ஜனவரி

அன்புள்ள அண்ணாச்சி,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வெளிச்சம் வருமுன்பே மலைச்சரிவில் ஓர் ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஏழே முக்கால் வாக்கில் ஒரு பெட்டை மான் தனியாக இறங்கி வந்து நாற்பது தப்படி தூரத்தில் பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியின் குதிரையை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, குறிபார்த்து, விசையை அழுத்தினேன். கல் எஃகில் உரசிப் பொறி பறந்தது. கிண்ணியில் வைத்திருந்த வெடிமருந்து புஸ்ஸென்று எரிந்து புகை கிளம்பியது. அதோடு சரி. குழலுக்குள் கெட்டித்திருந்த மருந்து பற்றவே இல்லை. மான் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது, வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு மேலேறி மறைந்தது.

காயம் இல்லாமல் போயிற்றே என்றுதான் முதலில் மனசு ஆறியது. வெடிக்காத துப்பாக்கியைவிட, தாமதித்து வெடிக்கிற துப்பாக்கிதான் பொல்லாதது. கிண்ணி எரிந்து, ஒரு கணம் விட்டு, அப்புறம் குழல் வெடிக்கும். அந்த இடைவெளியில் கை ஆடிவிடும், மான் ஓரடி எடுத்து வைத்துவிடும். நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் மணிக்கணக்கில் அலைந்து சாகும். ஆகவே கிண்ணி மட்டும் எரிந்தால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கக் கூடாது. குழல்வாயை மண்சரிவுப் பக்கமே காட்டிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்கவேண்டும். நானும் அப்படியே இருந்தேன். உள்ளே எங்கேயாவது ஒரு பொறி கனிந்துகொண்டிருக்கலாம்.

போன மடலில் நான் எழுதிய ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, ‘நாம் சின்னப் பிள்ளையில் நரிக்குறவர் தோளில் பார்த்த துப்பாக்கி மாதிரியா?’ என்று கேட்டிருந்தீர்கள். வாய் வழியாக மருந்து போட்டு, துணியில் பொதிந்த ஈயக்குண்டை வைத்து, கோலால் கெட்டிக்கிற வகையில் அதுவும் இதுவும் ஒன்றுதான். ஆனால் அடித்தால் பற்றுகிற கேப் இதில் கிடையாது. குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல். அது ஃபிரிசன் என்கிற எஃகுத் தகட்டைச் சீவிக்கொண்டு இறங்கும்போது, எஃகின் நுண்ணிய துணுக்குகள் எரிந்தபடி கிண்ணியில் விழும். கிண்ணி மருந்தின் சுவாலை, குழலின் பக்கவாட்டில் உள்ள பற்றுவாய் என்ற சிறு துளை வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். இத்தனையும் ஒரு நொடிக்குள்.

பென்சில்வேனியாவில் இப்படிப்பட்ட துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் இருக்கிறது. 1974இல் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு வரும் அந்தப் பருவத்துக்குக் கல் துப்பாக்கிதான் எடுத்துப் போகலாம். இந்த மாநிலம் அதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் வடித்ததுதான் நெடுங்குழல் துப்பாக்கி. எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஜேகப்ஸ்பர்க் இருக்கிறது. ஹென்றி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த இடம் அது, இப்போது அங்கே ஓர் அருங்காட்சியகம். இந்த ஊரை 1740இல் உண்டாக்கிய மொரேவியச் சபையார், இருபது வருஷம் கழித்து நம் தரங்கம்பாடிக்கும் வந்திறங்கினார்கள். நம் நாசரேத்திலிருந்து புறப்பட்டு இன்னொரு நாசரேத்தில் வந்து தங்கியவனுக்கு இதெல்லாம் வேற்று ஊர்ச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

எனக்கு இந்தத் துப்பாக்கியைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எண்பதைத் தொட்டவர், இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று மதியம் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ‘பொறி வந்ததா? கிண்ணி எரிந்ததா?’ என்று இரண்டே கேள்வி.

அந்த இரண்டு கேள்வியில் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. பொறியே வரவில்லை என்றால் கல்லைப் பார்க்கவேண்டும். முனை மழுங்கியிருக்கும். அல்லது கல்லைச் சுற்றிய தோல் நசுங்கி, கல் தளர்ந்து பின்னுக்குத் தள்ளியிருக்கும். அல்லது ஃபிரிசன் முகத்தில் விரல் எண்ணெய் பட்டிருக்கும். இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கருங்கல்லும் பிரான்ஸின் தேன்நிறக் கல்லும் இங்கே கிடைக்கின்றன. எந்தக் கல்லானாலும் விளிம்பைச் சிறிய பித்தளைச் சுத்தியால் தட்டித் தட்டிப் புதுக்கூர் எடுக்கவேண்டும். எஃகு முகத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

பொறி வந்தும் கிண்ணி எரியவில்லை என்றால் மருந்து நமுத்திருக்கிறது. கிண்ணிக்குப் போடுவது மாவுபோல் பொடித்த நான்காம் எண் மருந்து. காற்றில் ஈரம் இருந்தால் அது ஒரு மணி நேரத்தில் கரிக்குழம்பாகிவிடும். தட்டிக் கொட்டிவிட்டு, துடைத்து, புதிதாகப் போடவேண்டும். மழைத்தூறலுக்கு, கல்லும் கிண்ணியும் உள்ள பூட்டின்மேல் கட்டிக்கொள்ள மெழுகும் கொழுப்பும் ஊட்டிய ஒரு தோலுறை உண்டு. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பசு முட்டி’. முற்காலத்தில் மாட்டின் முழங்கால் தோலில் செய்தார்களாம். இன்னொன்று, நிறையப் போட்டால் நன்றாகப் பற்றும் என்று கிண்ணியை ரொப்பக் கூடாது. மருந்து பற்றுவாயை மூடிக்கொண்டால் சுவாலை தாவிப் போகாமல் திரிபோல எரிந்து எரிந்து உள்ளே போகும். அந்தத் தாமதம்தான் நான் மேலே சொன்ன பொல்லாப்பு. கிண்ணியில் பாதிக்கும் குறைவாக, துளையைத் தொடாமல் ஒதுக்கிப் போடவேண்டும்.

கிண்ணி எரிந்தும் குழல் பற்றவில்லை என்றால் சங்கதி உள்ளே இருக்கிறது. பற்றுவாயில் கரி அடைத்திருக்கலாம், அடியில் உள்ள மருந்து ஈரப்பட்டிருக்கலாம், மருந்தே போடாமல் குண்டை மட்டும் கெட்டித்திருக்கவும் கூடும். கடைசியாகச் சொன்னது அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது. கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடு கீறி வைப்பது அதற்காகத்தான். குழல் வெறுமையாக இருந்தால் எதுவரை இறங்கும், மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்தால் எதுவரை இறங்கும் என்று இரண்டு அடையாளம். இரண்டாவது அடையாளம் குழல்வாய்க்கு மேலேயே நின்றுவிட்டால் குண்டு மருந்தின்மேல் உட்காரவில்லை, இடையில் காற்று இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சுட்டால் குழல் வெடித்துப் பிளக்கலாம்.

அன்று காட்டில் நான் கம்பியால் பற்றுவாயைக் குத்திவிட்டு, கிண்ணியில் புதுமருந்து போட்டு, மண்சரிவைப் பார்த்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் வெறும் புஸ். கோலை விட்டுப் பார்த்தேன், குண்டு சரியாகக் கோட்டில்தான் இருந்தது. பிறகு பொடிமருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் பற்றுவாய் வழியே உள்ளே தட்டி இறக்கி, மூன்றாம் முறை அழுத்தியபோதுதான் வெடித்தது. அதுவும் இழுத்துக்கொண்டு.

பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ‘நேற்று ராத்திரி துப்பாக்கியை எப்படி வைத்திருந்தாய்?’ என்றார். எண்ணெய் பூசி, மூலையில் நிமிர்த்திச் சாத்தி வைத்திருந்தேன் என்றேன். தலையை ஆட்டினார். குழலுக்குள் நான் தாராளமாக விட்ட எண்ணெய் ராத்திரி முழுக்க வழிந்து அடியில் தேங்கியிருக்கிறது. காலையில் போட்ட மருந்தின் அடிப்படலம் அதைக் குடித்துவிட்டது. காட்டில் நடந்த பிழைக்கு விதை, முந்தின நாள் சமையலறைத் தொட்டியருகே விழுந்திருக்கிறது. பல வருஷம் இந்தத் துப்பாக்கியோடு பழகியவர்கள், வெடிக்காமல் போனால் முதலில் கழுவியதைத்தான் சந்தேகிக்கிறார்கள். கழுவாமல் விட்டாலும் கெடும், கழுவி எண்ணெயைத் துடைக்காமல் விட்டாலும் கெடும்.

கழுவாமல் விட்டால் ஏன் கெடும் என்பதை நம் தீபாவளி தெரிந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. எரிந்தபின் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையாகப் போகும், மிச்சம் குழலில் படியும். அதில் இருப்பவை பொட்டாசியத்தின் கார்பனேட், சல்ஃபேட், சல்ஃபைடு. கார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்புச் சாடியில் கை விட்டால் ஒட்டுமே, அதைவிட மோசம். ஈரமும் உப்பும் சேர்ந்து இரும்பில் உட்கார்ந்தால் ஓர் இரவு போதும், மறுநாள் துணியில் துரு வரும்.

அந்த வெடியுப்பு வந்த வழியையும் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும்தான் போயிற்று. பென்சில்வேனியா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, டெலவேரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூபான்ட் குடும்பம் 1802இல் மருந்து ஆலை தொடங்கியது. உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் அவர்கள் வீட்டு லாமோ டூபான்ட்டை அமெரிக்க அரசு லண்டனுக்கு அனுப்பியது, இந்திய வெடியுப்பு வாங்க. வாங்கியதை ஏற்றும் நேரத்தில் இரு நாட்டுக்கும் இடையே டிரெண்ட் என்ற கப்பலைப் பற்றித் தகராறு வந்து பிரிட்டன் ஏற்றுமதியைத் தடுத்தது. மறு ஆண்டுத் தொடக்கத்தில்தான் விட்டது. பீகார்க் கிராமத்து மண்ணை வடித்து உப்பெடுத்தவர்களை இந்த வரலாற்றில் யாரும் பெயர் சொல்வதில்லை. கழுவுகிறபோதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

சரி, கழுவும் விதம். உப்புப் படிவுக்குத் தண்ணீரைப்போல மருந்து வேறில்லை. விலை கூடிய திரவம் எதுவும் வேண்டாம். என் துப்பாக்கியில் குழல் தனியே கழன்று வரும். பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழலின் அடியை வாளியில் நிறுத்தி, பாத்திரம் கழுவும் சோப்புத் துளி விட்ட வெந்நீரில், துணி சுற்றிய கோலால் பம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் இழுக்கவேண்டும். தண்ணீர் பற்றுவாய் வழியே ஏறி இறங்கும். முதல் வாளி மைபோலக் கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வெடி போட்ட கையை முகர்ந்தால் வருமே, அதற்குச் சொந்தக்கார வாசனை. மூன்றாவது வாளி தெளிந்து வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழல் தானே காயும் என்பார்கள், ஆனால் சூட்டில் உடனே மெல்லிய துரு பூப்பதைப் பார்த்திருக்கிறேன். கை பொறுக்கும் சூடுதான் என் கணக்கு. பிறகு உலர்ந்த துணி, இன்னொரு உலர்ந்த துணி, துணி உலர்ந்தே வெளியே வரும்வரை. பூட்டைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, அசையும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்.

குழலுக்கு எண்ணெய் மெல்லிசாக. வைக்கும்போது வாய் கீழே, ஒரு கந்தைமேல். எண்ணெய் வழிந்தாலும் வாய்ப்பக்கம் வழியட்டும். காலையில் கெட்டிக்குமுன் ஸ்பிரிட் துணி ஒன்று, உலர்துணி ஒன்று, பற்றுவாயில் கம்பி. அப்புறம் குழலில் ஒன்றும் போடாமல், கிண்ணியில் மட்டும் கொஞ்சம் மருந்து வைத்து ஒருமுறை எரித்துப் பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. அன்று இதைச் செய்யாமல் போனேன்.

வெடிக்கு வெடி துடைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. எச்சில் தொட்ட அளவுக்கு ஈரமான துணியை ஒரே மூச்சில் அடிவரை விட்டு, ஒரே மூச்சில் எடுக்கவேண்டும். சொட்டச் சொட்ட நனைத்து மேலும் கீழும் இழுத்தால், கரிச்சேறு அடிக்கு இறங்கிப் பற்றுவாயை அடைக்கும். குண்டு பொதியும் துணிக்கு மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசைதான் நல்லது. பெட்ரோலிய எண்ணெய் கருமருந்துக் கரியோடு சேர்ந்தால் தார்போல இறுகுகிறது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்ற அதிகச் சூடு வேண்டும், கல் துப்பாக்கிக்கு அவை ஆகாது. புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது, குழல் தாங்காது. ஒருமுறை வெடித்தபின் மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டுவதும் கூடாது. உள்ளே கங்கு இருந்தால் கொம்பே கையில் வெடிக்கும். அளவுக் குவளையில் எடுத்துத்தான் ஊற்றவேண்டும்.

குளிரிலிருந்து வந்து துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுபோனால் இரும்பு வியர்க்கும். அதனால் பொழுது சாயும்போது மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிட்டு வருகிறேன். பருவம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நேற்று நான்கு முறை சுட்டேன், நான்கும் கிண்ணியும் குழலும் ஒரே ஓசையாக வெடித்தன. மான் ஒன்றும் வரவில்லை.

ராத்திரி கழுவி, வாய் கீழாகச் சாத்தியிருக்கிறேன். இன்று காலை விட்ட துணியில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. மறுபடி துடைத்துப் பூசினேன். நாளையும் ஒரு துணி விட்டுப் பார்க்கவேண்டும்.

மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி