ஆவுளியாவும் என் காமிராவும்

ஹேடோவில் எங்கள் மாமா வீட்டு வாசலில் நின்றால், சென்னைக் கப்பல் துறையில் வந்து கட்டும்போது எழுப்பும் ஊதல் ஒலி காதில் விழும். பாக் விரிகுடாக் கரையில் பிறந்த என்னைப் பன்னிரண்டாம் வயதில் இத்தீவில் கொண்டுவந்து இறக்கியதும் அத்தகைய கப்பல் ஒன்றே. "கடலுக்கு அடியில் கண்ட காட்சிகளைப் பற்றி மலருக்கு ஏதாவது எழுது" என்று மன்றச் செயலாளர் கேட்டார். பவழப் பாறைகளையும் வண்ண மீன்களையும் வருணிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நினைவில் முந்தி வந்து நின்றது வேறொன்று. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. ஆயினும் அதையே எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஜனவரியில் வகுப்புத் தோழர் இருவருடன் ஷஹீத் தீவுக்குப் போயிருந்தேன். 2018ஆம் ஆண்டு டிசம்பர் வரை நீல் தீவு என்று வழங்கியது அதுதான். முதுகில் காற்றுருளையைக் கட்டிக்கொண்டு நீருள் இறங்கும் வித்தையை அதற்கு முந்திய ஆண்டே பயின்றிருந்தேன். (உருளையில் இருப்பது பிராணவாயு என்று ஊரில் எல்லோரும் எண்ணுகிறார்கள். அன்று; நாம் இங்கே சுவாசிக்கும் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.) இம்முறை கையில் புதிய காமிரா ஒன்றும் இருந்தது. எட்டு மாதம் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அது கையில் இருந்ததே வினை என்று இப்போது தோன்றுகிறது.

கடற்பசு என்று பாடநூல்கள் கூறும் உயிரை எங்கள் கரையில் ஆவுளியா என்பார்கள். மீன் அன்று; நம்மைப்போல் பாலூட்டி; யானைக்குத் தூரத்து உறவு. மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வளரும். கடலடியில் முளைக்கும் புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும். எழுபது ஆண்டுவரை வாழக்கூடிய இவ்வுயிர், பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும்; அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழாண்டு ஆகும். அந்தமான் நிக்கோபார் தீவுகள் தமக்குரிய விலங்காக 2002இல் தேர்ந்துகொண்டது இதைத்தான். எனினும் இங்கே பல்லாண்டு கடலில் உழல்பவர்களுள்ளும் இதைக் கண்ணால் கண்டவர் சிலரே.

எங்கள் வழிகாட்டி என்னைவிட இரண்டு மூன்று வயதே மூத்த வங்காளி இளைஞர். படகில் அவர் எல்லாம் சொன்னார். "ஆவுளியாவைக் கண்டால் இருந்த இடத்திலேயே நில்லுங்கள். பின்னால் போகாதீர்கள். அதற்கு மேலே போகவே போகாதீர்கள். அது மூச்சுக்கு வரும் வழி அதுதான். விளக்குப் போடாதீர்கள்." நாங்கள் மூவரும் தலையை ஆட்டினோம். தலையை ஆட்டுவதில் மாணவர்களுக்கு இணை யார்?

ஆறு மீட்டர் ஆழத்தில் புல்வெளி. இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு புல்லிடையே சேறு கலங்கி எழுவதைக் கண்டேன். கலங்கலுக்குள் ஒரு பெரிய பழுப்பு முதுகு. அம்முதுகின் மேலே ஒட்டினாற்போல் ஒரு சிறிய முதுகு. தாயும் கன்றும்!

வழிகாட்டி உள்ளங்கையை விரித்து 'நில்' என்று காட்டினார். கண்டேன். கண்டும் நிற்கவில்லை.

இங்கே பௌதிகம் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் குற்றத்துக்குச் சமாதானமாக அன்று, இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்று காட்டுவதற்கு. நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.33. ஆதலால் முகக்கண்ணாடி வழியே பார்ப்பவனுக்கு நான்கு மீட்டரில் இருப்பது மூன்று மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். அளவும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். கண் 'கிட்ட வந்துவிட்டோம்' என்கிறது. காமிராவோ 'இன்னும் போ' என்கிறது. ஏனெனில் சிவப்பு ஒளியை நீர் சில மீட்டருக்குள் குடித்துவிடும். இடையே உள்ள நீர் மிகுந்தால் படத்தில் எஞ்சுவது பச்சையும் நீலமுமான மூட்டமே. எனவே 'நல்ல படம் வேண்டுமா, அருகே போ' என்பதே நீருள் படம் எடுப்பவர்களின் வேதம். அசையாப் பவழத்துக்கு அது பொருந்தும். கன்றோடு மேயும் ஒரு தாய்க்கு?

துடுப்புக்காலை உதைத்துக்கொண்டு முன்னே பாய்ந்தேன். இரண்டையும் ஒரே சட்டத்துள் அடக்கவேண்டும் என்ற பேராசையால் சற்று மேலேயும் ஏறினேன். தாய் மேய்வதை நிறுத்தியது. மூச்சுக்காக எழ எண்ணியதோ என்னவோ, மூக்கை நிமிர்த்தியது. நேர் மேலே நான். ஒரு கணந்தான். வாலைச் சுழற்றி அடித்துத் தாய் வலப்புறம் பாய்ந்தது. கன்று இடப்புறம் பாய்ந்தது. சேறு அடங்கியபோது எங்கும் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. என் காற்றுமானியைப் பார்த்தேன். அமைதியாக இருந்திருந்தால் செலவாகியிருப்பதைவிட மிகுதியான காற்றை அந்தச் சில நொடிகளில் இழுத்துத் தீர்த்திருந்தேன்.

படத்தின் நீளம் பதினொரு நொடி. அதில் ஒரு வால், கலங்கல் நீர், பிறகு இன்னொரு சிறு வால். ஆவுளியாக்கள் தம்முள் குருவிபோல் கீச்சிட்டுப் பேசிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். என் படத்தில் கேட்பதெல்லாம் என் மூச்சிரைப்பே. தாயும் கன்றும் மறுபடி கூடினவா? கூடியிருக்கும் என்று தோழர்கள் சொன்னார்கள். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

ஹேடோவுக்கு வந்து மாமாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் இளமையில் பாக் விரிகுடாவில் படகேறியவர். அந்நாளில் ஆவுளியாக் கறி தின்றவர். அதை மறைக்கிறவரும் அல்லர். இருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். "மாப்ளே, நாங்க வலையில பிடிச்சோம், பசிச்சுது, தின்னோம். தப்புத்தான். நீ எதுக்கு விரட்டுனே?" என்றார்.

எனக்கு விடை வரவில்லை. கோபந்தான் வந்தது. 'வேட்டையாடியவரும் படம் எடுத்தவனும் ஒன்றா?' என்று மனத்துள் வாதாடினேன். வாதத்துக்கு வலுத் தேடி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினேன். அதன் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. ஆனால் 'வேட்டை' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் கொல்லுதல் மட்டுமா இருக்கிறது? பிடித்தல், துரத்துதல், கண்ணி வைத்தல், விரட்டுதல், இரைகாட்டி இழுத்தல், இவற்றுக்கு முயலுதல் எல்லாம் வேட்டையே. மாமா சட்டம் படித்தவர் அல்லர்.

அடுத்து, பெரியவர்கள் நிழலில் ஒதுங்கப் பார்த்தேன். 1943இல் காஞ்ஞானுடன் சேர்ந்து நீர்மூச்சுக் கருவியை உருவாக்கிய ஜாக் கூஸ்தோ, லூயி மால் என்பாருடன் எடுத்த 'மௌன உலகம்' என்னும் படம் 1956இல் கான் விழாவின் தலைப் பரிசை வென்றது. உலகத்துக்குக் கடலடியைக் காட்டிய படம். அதைத் தேடிப் பார்த்தேன். ஆமையைப் பற்றிக்கொண்டு சவாரி செய்கிறார்கள். மீன்களைக் கணக்கெடுக்கப் பாறையில் வெடி வைக்கிறார்கள். கப்பலின் சுழலியில் ஒரு திமிங்கிலக் கன்று அடிபடுகிறது. அதன் குருதிக்குக் கூடிய சுறாக்களை மாலுமிகள் வெட்டிச் சாய்க்கிறார்கள். பிற்காலத்தில் கடல் காக்கப் போராடிய அதே கூஸ்தோதான்! ஆறுதல் தேடிப் போனவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை; பாதியில் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பதினொரு நொடியை விடுதி நண்பர்கள் பலர் கேட்டார்கள். உலகமெல்லாம் பரப்பலாம், ஒரே நாளில் புகழ் வரும் என்றார்கள். கொடுக்கவில்லை. என்னைப்போல் இன்னும் பத்துப்பேர் அங்கே உதைத்துக்கொண்டு போவார்கள் என்று தெரியும். போகிற பத்துப்பேரும் படகில் தலையை ஆட்டிவிட்டே போவார்கள் என்பதும் தெரியும்.

ஏப்ரலில் தனியே சென்று அதே வழிகாட்டியைக் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை; ஆனால் அழைத்துச் சென்றார். புல்வெளியின் ஓரத்து மணலில், புல் நசுங்காத இடமாகப் பார்த்து, வயிறு படியக் கிடக்கச் சொன்னார். கையைக் கட்டிக்கொள், மெல்ல மூச்சு விடு, வந்தால் அதுவாக வரட்டும் என்றார். நாற்பது நிமிடம் கிடந்தேன். ஒலி நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைந்து ஓடும். எங்கோ போன படகின் விசையொலி தலைக்குள்ளேயே ஓடுவதுபோல் இருந்தது. இந்த ஓசைக்குள் அது எப்படித்தான் கன்றை அழைக்குமோ!

ஆவுளியா வரவில்லை. புல்வெளியில் புதிதாக மேய்ந்த தடம் ஒன்று, வெண்மணல் தெரிய, வளைந்து போயிருந்தது. அதை மட்டும் இருந்த இடத்திலிருந்தே படம் எடுத்தேன்.

வீட்டில் மாமா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தடம் இருக்கு பாரு" என்று விரலால் தொட்டுக் காட்டினார். பெரிய தடத்தின் பக்கத்தில், என் கண்ணுக்குப் படாமல் போன ஒரு சிறு கோடு இருந்தது. அது கன்று மேய்ந்ததா, மணலில் நீரோட்டம் இட்ட கோடா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமாவுக்கு ஐயமே இல்லை.