பொய்யன் என்று பெயரெடுத்த விளக்கு



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ திருக்குறளின் சிறப்புப் பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றை என்னிலும் சிறப்பாக எழுத வல்லோர் நம்மிடையே உளர். எனக்கு வாய்த்த பொருள் வேறு. சனிக்கிழமைகளில் கரும்பலகையின் முன் நிற்கும் நான், வாரத்தின் ஐந்து நாள்களும் கார் திருத்தும் கராஜ் ஒன்றில் எண்ணெய் படிந்த உடையுடன் நிற்பவன். ஊரில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தவனுக்கு, அகதியாக வந்த சுவிற்சர்லாந்தில் கிடைத்த தொழில் அது. ஆகவே, காரோட்டியின் முன்னால் எரிகின்ற எச்சரிக்கை விளக்குகளைப் பற்றி எழுதுகின்றேன். பொருள் சிறிதெனினும் அது எனக்குக் கற்பித்த பாடம் சிறிதன்று.

காரின் சாவியைத் திருப்பியவுடன் முகப்பில் பல விளக்குகள் ஒருங்கே எரிந்து சில வினாடிகளில் அணைந்து விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அமைக்கப்பட்டதன்று. விளக்குகள் தாம் உயிரோடிருப்பதை நமக்கு அறிவிக்கும் முறை அது. அவற்றின் நிறங்களுக்கும் குறிகளுக்கும் ஐ.எஸ்.ஓ. 2575 என்னும் சர்வதேச நியமம் உண்டு. சிவப்பு, ஆபத்தைக் குறிப்பது. உடனே கவனிக்க வேண்டும். மஞ்சள், விரைவில் சோதித்துப் பார் என்பது. பச்சையும் நீலமும், ஏதோ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது என்ற தகவல் மட்டுமே. சாவியைத் திருப்பும்போது ஒரு விளக்கு எரியாவிட்டால், எரியும் விளக்கைக் காட்டிலும் அதற்கே நான் அஞ்சுவேன். தொல்லை தாங்காமல் யாரோ பல்பைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பெற்றோலும் கிடைப்பதரிது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயிலே ஓடின. அவற்றின் முகப்பில் எந்த விளக்கும் எரிந்ததை நான் கண்டதில்லை. எங்கள் ஊர் மெக்கானிக், நீண்ட திருகாணிச் செலுத்தி ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதோடு பொருத்தி, நோய் எந்தச் சிலிண்டரில் என்று சொல்லிவிடுவார். எஞ்சின் என்ன சொல்கிறதென்று முதலில் கேட்க வேண்டும், தீர்ப்பு அதற்குப் பிறகுதான் என்பதை நான் அவரிடமே முதன்முதலாகக் கண்டேன்.

இனி, அவர் கனவிலும் கண்டிராத ஒரு காருக்கு வருவோம். இத்தாலியில் மரனெல்லோ என்னும் சிற்றூரில் பெராரி நிறுவனம் 1994 முதல் 1999 வரை உற்பத்தி செய்த எப் 355 அது. 3.5 லீற்றர் எஞ்சின், சிலிண்டர் ஒன்றுக்கு 5 வால்வுகள். அதனாலேயே 355 என்னும் பெயர். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது. 8 சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசையில், வி எழுத்தின் இரு கைகளைப் போல நிற்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே புகைக்குழாயும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் எனப்படும் தூய்மைப் பெட்டியும் உண்டு. பிளாற்றினம் போன்ற அரிய உலோகங்கள் பூசப்பட்ட அப்பெட்டி, நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது.

அப்பெட்டி சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். அளவுமீறிச் சூடேறினால் அழிந்துவிடும். அருகிலுள்ளவற்றிலும் தீப்பற்றக்கூடும். எனவே இக்காரின் முகப்பில் 'ஸ்லோ டவுன்' என்று எழுதப்பட்ட இரு விளக்குகள் உள்ளன. ஒன்று 1 முதல் 4 வரையான சிலிண்டர்களுக்கும் மற்றையது 5 முதல் 8 வரையானவற்றுக்கும் உரியது. 'வேகத்தைக் குறை' என்று தன் உரிமையாளரையே அதட்டுகின்ற பந்தயக் குலத்துக் கார் இது!

அவ்விளக்குக்குச் செய்தி சொல்வது வெப்ப இணை என்னும் எளிய கருவி. வேறுபட்ட இரு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, அந்த இணைப்பைச் சூடாக்கினால் சிறிதளவு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் என்னும் அறிஞர் கண்டறிந்த விளைவு இது. பரவலாகப் பயன்படும் கே வகை வெப்ப இணையில், பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ற்று. 900 பாகை செல்சியசிலும் 37 மில்லிவோல்ற்று அளவுதான். ஒரு சாதாரண உலர்மின்கலத்தின் நாற்பதில் ஒரு பங்கு! இந்த மெல்லிய குரலைக் கேட்டு விளக்கை எரியச் செய்வதற்குப் பக்கத்துக்கொரு சிறு மின்னணுப் பெட்டி உண்டு. எஞ்சினின் வெக்கையில் கிடந்து அப்பெட்டிகள் காலப்போக்கில் பழுதடைந்து, சூடில்லாத போதும் விளக்கை எரியவிடுவது வழக்கம். அதனால் இக்காரை அறிந்தோரிடையே அவ்விளக்கு 'பொய்யன்' என்று பெயரெடுத்துவிட்டது.

2017ஆம் ஆண்டின் கோடையில் அத்தகைய கார் ஒன்று எங்கள் கராஜுக்கு வந்தது. நெடுஞ்சாலையில் விரையும்போது 5–8 விளக்கு எரிகிறதாம். உரிமையாளர் சனிக்கிழமை குடும்பத்துடன் கோத்தார்ட் சுரங்கம் ஊடாக இத்தாலிக்குப் புறப்பட இருந்தார். "அது எப்போதும் பொய் சொல்லும் விளக்கு, இணைப்பைக் கழற்றிவிட்டால் போதும்" என்றார் அவர். முதலாளி என்னைப் பார்த்தார். கோத்தார்ட் வீதிச் சுரங்கம் 1980இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 17 கிலோமீற்றர். 2001 ஒக்ரோபர் 24ஆம் நாள் அதனுள் இரு பாரவூர்திகள் மோதித் தீப்பற்றியதில் 11 பேர் உயிரிழந்தனர். மலையின் வயிற்றுக்குள் தீ என்றால் என்னவென்று இந்நாட்டவர் அனைவரும் அறிவர். "ஒரு நாள் அவகாசம் தாருங்கள்" என்று கேட்டேன். முதலாளி தந்தார்.

முதலில் பற்றரியைச் சோதித்தேன். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் இத்தகைய கார்களில் மின்னழுத்தம் தாழ்ந்தால், நோயே இல்லாத இடங்களிலும் விளக்குகள் எரியும். ஓய்விலே 12.6 வோல்ற்று, எஞ்சின் ஓடும்போது 14க்கு அண்மையில், குறையில்லை. அடுத்து, இடப்பக்க மின்னணுப் பெட்டியையும் வலப்பக்கப் பெட்டியையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பொருத்தினேன். வேறெதையும் தொடவில்லை. ஒரு பரிசோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று ஊரில் எட்டாம் வகுப்புக்குக் கற்பித்தவனல்லவா நான்! பழுது பெட்டியில் இருக்குமாயின், பெட்டியோடு சேர்ந்து பழுதும் மறுபக்கம் போகும். 1–4 விளக்கு எரியும். காரை ஓட்டிப் பார்த்தோம். எரிந்தது மீண்டும் 5–8 விளக்கே.

பெட்டி குற்றமற்றது. அப்படியானால் வெப்ப இணையோ அதன் வயரோ பழுதாக இருக்க வேண்டும். அல்லது விளக்கு உண்மை சொல்ல வேண்டும். எஞ்சின் குளிர்ந்த பின் அந்தப் பக்கத்து நான்கு பிளக்குகளையும் கழற்றினேன். மூன்று பிளக்குகள் உலர்ந்து, வெளிர்பழுப்பாக இருந்தன. நான்காவது கரிபடிந்து, பெற்றோல் ஈரத்துடன் வந்தது. அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வயரின் உறையில் மயிரிழை போன்றதொரு வெடிப்பு. எஞ்சின் கடுமையாக உழைக்கும் வேளைகளில் மின்பொறி பிளக்கை அடையாது வழியிலேயே கசிந்திருக்கிறது. எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே சென்று தூய்மைப் பெட்டிக்குள் எரிந்திருக்கிறது. எரிய வேண்டிய இடத்தில் எரியாதது, எரியக் கூடாத இடத்தில் எரிந்தது! வயர்களும் பிளக்கும் மாற்றப்பட்டன. பின்னர் எவ்வளவு தூரம் ஓட்டியும் விளக்கு எரியவில்லை. சனிக்கிழமை அக்குடும்பம் சுரங்கத்தைக் கடந்து சென்றது. உரிமையாளர் என் கையைப் பற்றி, "பொய்யன் உண்மை சொல்லிவிட்டான்" என்றார்.

அச்சொல் பல நாள்கள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஏனெனில், நானும் ஒரு காலத்தில் பொய்யன் எனப்பட்டவன். இந்நாட்டுக்கு வந்து தஞ்சம் கோரியபோது, எனக்கு நேர்ந்தவற்றை நடந்தவாறே கூறினேன். என் வாக்குமூலம் நம்பத்தகுந்ததன்று என்று ஓர் அலுவலகம் நிராகரித்தது. எனக்கு முன் வந்த பலரும் இதே கதையைக் கூறியிருந்தார்களாம். பலர் ஒரே கதையைக் கூறுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். எல்லோரும் அதை மனனம் செய்திருக்கலாம். அல்லது எல்லோருக்கும் அதுவே நிகழ்ந்திருக்கலாம். எது உண்மையென்று சோதித்தல்லவா அறிய வேண்டும்? மேன்முறையீட்டின் பின் வேறோர் அதிகாரி, ஒரு தேசப்படத்தை மேசையில் விரித்து, நான் சொன்ன ஊர்களையும் நாள்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். அன்று மாலை அறையை விட்டு வெளிவந்தபோது, முடிவு என்னவாயினும் ஆகட்டும், என் சொல்லை ஒருவர் சோதிக்கத் தகுந்ததாகக் கருதினாரே என்று கண்கள் கலங்கின. முடிவும் பின்னர் நல்லதாகவே வந்தது.

நமது பள்ளியிலும் ஒரு மாணவன் இருந்தான். தமிழ் வகுப்புத் தொடங்கி அரைமணி நேரத்தில் "சேர், தலையிடிக்குது" என்பான். "மாஸ்டர், அவன் சும்மா சொல்லுறான். தமிழ் படிக்கிற பஞ்சியிலை தலையிடி எண்டு சாட்டுச் சொல்லுறான்" என்றார் தந்தையார். நானோ அந்தப் பெராரியை நினைத்துக்கொண்டேன். பின்வரிசையில் இருந்த அவனை முன்வரிசையில் இருத்தினேன். பாடத்தையோ புத்தகத்தையோ நேரத்தையோ மாற்றவில்லை. இருக்கையை மட்டுமே மாற்றினேன். மூன்று சனிக்கிழமைகள் தலையிடி வரவில்லை. 'ந'வுக்கும் 'ற'வுக்கும் இருந்த தடுமாற்றமும் குறைந்தது. நான்காம் சனிக்கிழமை மீண்டும் பின்வரிசைக்கு அனுப்பினேன். தலையிடியும் திரும்பி வந்தது. கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுமாறு தந்தையாரிடம் கூறினேன். மறுமாதம் அவன் கண்ணாடியோடு வந்து, கரும்பலகையில் இருந்ததைப் பின்வரிசையிலிருந்தே உரத்து வாசித்தான். வகுப்பறை வாசலில் நின்ற தந்தையார் அவன் வாசித்து முடிக்கும்வரை அசையவில்லை.

மாணவச் செல்வங்களே, ஐயம் எழும்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அது விஞ்ஞானத்துக்கு மாத்திரமன்றி வாழ்வுக்கும் உதவும். உங்களுக்கு ஏதேனும் நோவோ துயரோ இருப்பின் சொல்லுங்கள். ஒருமுறை நம்பப்படவில்லை என்பதற்காக மௌனமாகிவிடாதீர்கள். அந்தச் சிறு கம்பியின் 37 மில்லிவோல்ற்றுக் குரல்தான் ஒரு குடும்பத்தைக் காத்தது.

பெற்றோரே, நாளெல்லாம் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் நமக்கு, பிள்ளைகளின் முறைப்பாடுகள் சிலவேளை அந்த விளக்கைப் போலத் தொல்லையாகவே தோன்றும். "பள்ளிக்குப் போக விருப்பமில்லை", "வயிறு நோகுது", "ஒருத்தரும் என்னோடை விளையாடுகினமில்லை" என்பவற்றுட் சில வெறும் சாட்டாகவும் இருக்கும். பெட்டிகள் பழுதாவதும் உண்டுதானே! ஆயினும் பல்பைக் கழற்றிவிடாதீர்கள். அதட்டி அடக்கிய பிள்ளை பின்னர் எதையும் சொல்லாது. வீடு அமைதியாக இருக்கும். ஆனால் சாவியைத் திருப்பும்போது எரியாத விளக்கின் அமைதி அது. நம்பிவிடுங்கள் என்றோ நம்பாதீர்கள் என்றோ நான் கூறவில்லை. ஒரு நாள் அவகாசம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றே வேண்டுகின்றேன்.