படிகள் பலவிருந்தும் பாதுகாப்பு உண்டா?

மஹல்லாக்களின் நிக்காஹ் பதிவேடுகளையும் வக்ஃபுப் பத்திரங்களையும் கணினியில் ஏற்றிவைக்கும் பேச்சு எங்கள் வளவனூர்ப் பக்கத்திலும் எழுந்துள்ளது. முன்னோரின் திருமணத்திற்கு அப்பதிவேட்டின் ஓர் ஏடே சான்றாக நிற்கும் குடும்பங்கள் பல. "மூன்று கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவாகும், கவலை வேண்டாம்" என்று சிலர் கூறினர். கலைப் பட்டதாரியான எனக்கு இதன் நுட்பம் புதிது. எனவே, கணினித் துறையில் பணியாற்றும் என் பழைய மாணவரிடம் விளக்கம் கேட்டேன்.

பல கணினிகளின் சேமிப்பிடங்களை வலைப்பின்னலால் இணைத்து, ஒரே பெட்டகம்போல் ஆளும் முறைகள் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 'குளஸ்டர்'. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி, நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர்களது நிறுவனத்தை 2011-ல் அமெரிக்காவின் ரெட் ஹேட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. இம்முறையில் ஒவ்வொரு சேமிப்புப் பகுதிக்கும் 'செங்கல்' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. ஒரே கோப்பை இரண்டு, மூன்று செங்கற்களில் படியெடுத்து வைக்கலாம். ஒரு கணினி பழுதுற்றாலும் மற்றவை பணியைத் தொடரும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படிகள் எந்நேரமும் ஒத்திருக்க வேண்டும் என்பதே அம்முறையின் விதி. ஒருவர் கைதவறி ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிவும் எல்லாச் செங்கற்களையும் உடனே சென்றடையும். பிழையாகத் திருத்தப்பட்ட பெயரும் அவ்வாறே பரவும். குறித்த வேளையின் நிலையைப் பிடித்துவைக்கும் 'ஸ்நாப்ஷாட்' வசதியும் உண்டு. நேற்றைய நிலையை அது மீட்டுத்தரும். ஆனால் அதுவும் அதே வட்டுகளில் குடியிருப்பதால், வட்டுகள் அழிந்தால் உடன் அழியும்.

ஆகவே, இயந்திரம் பழுதுறுவதற்கு ஒத்த படிகள் மருந்து. மனிதத் தவறுக்குத் தனிப்படியே மருந்து. அது வலைப்பின்னலில் இணையாமல், தேதி குறிக்கப்பட்டு, வேறோரிடத்தில் இருக்க வேண்டும்.

இருந்தால் மட்டும் போதாது. "மனனமாகிவிட்டது" என்று மாணவர் சொல்வதை மதரஸாவில் நாங்கள் ஏற்பதில்லை, ஓதிக்காட்டச் சொல்கிறோம். தனிப்படியையும் அவ்வப்போது வேறொரு கணினியில் திறந்து, ஏடு ஏடாகச் சரிபார்த்தல் அவசியம்.

மாதம் ஒரு தனிப்படி எடுத்து, விழுப்புரத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்பது என் யோசனை. மையால் எழுதிய பழைய பதிவேட்டையும் கைவிடலாகாது.

வீடுகளுக்கும் இது பொருந்தும். கைப்பேசியில் அழித்த படம் அதனுடன் இணைந்த கணக்கிலிருந்தும் மறையக்கூடும். பெற்றோரின் படங்களையும் வீட்டுப் பத்திரங்களையும் இவ்வாரமே தனி வட்டொன்றில் படியெடுத்து, உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள்.