கோம்பை வீட்டுக்குப் பிரெஞ்சு ஒப்பனை: சில குறிப்புகள்

சீமை ஓடு

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கோம்பையில் மேற்கு மலையைப் பார்த்தபடி இன்னும் நிற்கிற ஓட்டு வீடுகளின் தலைமேல் ஒரு பிரெஞ்சு வடிவம் இருக்கிறது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் கவ்விக்கொள்ளும் சீமை ஓட்டைத்தான் சொல்கிறேன். 1841இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மார்செய் நகரத்துச் சூளைகள் அதைச் சுட்டுக் கப்பலேற்றி உலகெங்கும் அனுப்பின. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை வைத்து, உள்ளூர்க் களிமண்ணில் அதே மாதிரியைச் செய்ய ஆரம்பித்தார்கள். மங்களூர் ஓடு என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு மலையாளக் கரையிலும் ஆலைகள் பெருகின. மலைக்கு இந்தப் பக்கமும் ஓடு வந்து சேர்ந்தது.

பிரெஞ்சு அழகை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். பழைய ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதே நிறத்தில் பிளாஸ்டிக் ஓடு வாங்கிப் பரப்புவதை எந்தப் பிரெஞ்சுக்காரரும் அழகு என்று சொல்ல மாட்டார்.

*

கீழே நம்முடையது, மேலே அவர்களுடையது

பிரெஞ்சுக் கட்டடக் கலையைப் படிக்க நமக்குப் பாரிஸ் தேவையில்லை, புதுச்சேரி போதும். அதிலும் நகரைப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தெருக்களைவிட, மேற்கே உள்ள தமிழ்த் தெருக்களில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

அங்கே மாடி வீடுகளை நின்று பாருங்கள். கீழ்த்தளம் முழுக்க நம்முடையது: திண்ணை, தெருவை ஒட்டி மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், செதுக்கிய நிலை, உள்ளே முற்றம். மேல்தளம் முழுக்கப் பிரெஞ்சு: வளைவு வைத்த நெடிய சன்னல்கள், சாய்பலகைக் கதவுகள், சுதையில் இழைத்த பட்டைகள், மேல் விளிம்பில் வரிசைத் தூண் கைப்பிடிச் சுவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 1738இல் கட்டி முடிந்தது என்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அவருடைய வீட்டிலும் கீழே மரத்தூண், மேலே வெள்ளைச் சுதைத் தூண்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் இரண்டையும் கலக்கிக் குழப்பவில்லை. வந்தவரை வரவேற்று உட்கார வைக்கிற இடம் நம் வழக்கப்படி இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் வாங்குகிற மாடி புதிய முறையில் இருக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். வேறொரு நாட்டின் அழகை எடுத்துக்கொள்ள இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தெரியவில்லை: வாழ்கிற முறையை விட்டுக்கொடுக்காமல் எடுத்துக்கொள்.

*

தெருவும் ஒரு வீடுதான்

1853 முதல் 1870 வரை பாரிஸை இடித்துக் கட்டிய ஓஸ்மான், வீட்டுக்காரரின் விருப்பத்தைவிடத் தெருவின் ஒழுங்கைப் பெரிதாக வைத்தார். ஒரே உயரம், ஒரே வரிசையில் ஓடும் இரும்புப் பால்கனி, ஒரே வெளிர் சுண்ணாம்புக்கல், மேலே சாம்பல் நிறத் துத்தநாகக் கூரை. அந்த இடிப்பில் ஏழைகள் வீடிழந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் தெரு முழுவதும் ஒரே பேச்சாக இருக்கும்போது தனி வீடும் அழகாகிறது என்பதற்கு அந்த நகரம் சாட்சி.

நம் ஊர்த் தெருக்களிலும் இது இருந்தது. ஒரு திண்ணையின் உயரமும் அடுத்த திண்ணையின் உயரமும் ஒத்துப்போகும். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை, அடியில் காவிப் பட்டை. பொங்கலுக்குப் பொங்கல் புதுசாகும். இரண்டே நிறம். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களிலும் பெரும்பாலும் இரண்டே நிறம்தான்: மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை. அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களில் சாம்பலும் வெள்ளையும். இப்போது எலிவேஷன் என்று ஒரு முகப்பில் நான்கு நிறம், மூன்று வகை டைல்ஸ், ஸ்டீல் கைப்பிடி, கண்ணாடி என்று ஏற்றுகிறோம். முகப்புக்கு இரண்டு நிறம் போதும். இந்த ஒரு விஷயத்தைப் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்தது. செலவும் குறையும்.

*

பழைய சாமான் சந்தை

பாரிஸின் வடக்கு ஓரத்தில் சாந்துவான் என்ற இடத்தில் கூடும் பழம்பொருள் சந்தை 1885இலிருந்து கணக்கில் இருக்கிறது. நகரத்தின் குப்பையைக் கிளறிப் பிழைத்தவர்கள், கோட்டைச் சுவருக்கு வெளியே விரித்த கடைகள்தான் அதன் தொடக்கம். இன்று அலங்காரக் கலைஞர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கே போகிறார்கள். சிற்றூர்களிலோ ஆண்டுக்கு ஒரு நாள் ஊரே பரணைக் காலிசெய்து தெருவில் கடை விரிக்கும். பீங்கான் தட்டு, எனாமல் குவளை, கதவுக் கைப்பிடி, பாட்டியின் லேஸ் துணி எல்லாம் கைமாறும்.

நம் பக்கத்தில் இதற்கு நிகர், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையும் உண்டு. அது பெரும்பாலும் துணிமணி, புழங்கு பொருள் சந்தை. சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது.

அதற்கெல்லாம் போக முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே காயலான் கடை இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் அங்கே எடைக்கு வந்து விழக்கூடியவை எவை? கிணற்றடியில் ஓடிய கமலை உருளை, மரக்கால், படி, பித்தளைத் தூக்குவாளி, அரிக்கேன் விளக்கு, மலை எஸ்டேட்டிலிருந்து இறங்கிய தேயிலைப் பெட்டி, வார்ப்பிரும்புச் சன்னல் கம்பி. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது என் வீட்டில் என்ன வேலை செய்யும்? படியில் எழுதுகோல் நிற்கலாம். தேயிலைப் பெட்டி கட்டில் பக்கத்தில் மேசையாகலாம். வேலை இல்லாத பொருள் தூசி மட்டுமே வாங்கும்.

*

ஒரு நிலைக்கதவு

பழைய வீடு ஒன்றைப் பிரிக்கிற இடத்தில் ஆசாரியிடம் வீட்டுக்காரர் கேட்டார்: "அண்ணே, இதத் தூக்கிப் போட்டுட்டு இரும்புக் கதவு மாட்டிரலாமா?"

"போட்டுறாதீங்க தம்பி. அடியில ஒரு சாண்தான் செல்லரிச்சிருக்கு. மேல பூராம் வைரமா நிக்குது."

ஆசாரி காட்டிய இடத்தைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி நிலைக்காலின் அடி மட்டும் பஞ்சாகியிருந்தது. அதற்கு மேலே வேங்கை மரம், உளி வைத்தால் இன்றைக்கும் துள்ளுகிற உறுதியில். கதவில் கீல் கிடையாது. பலகையோடு சேர்ந்த குடுமி மேலேயும் கீழேயும் குழியில் சுழல்கிறது. மேல் சட்டத்தில் தாமரை, இரண்டு ஓரத்திலும் கொடி. பலகையில் வரிசையாகப் பித்தளைக் குமிழ். அவற்றின் மேல் மூன்று நிறப் பெயின்ட்.

வைத்தியம் எளிது. கெட்ட அடியை அறுத்து எடுத்து, அதே சாதி மரத்தில் கூரும் துளையுமாக ஒட்டு கொடுக்க வேண்டும். கால் தரையில் படாமல் கல் வைக்க வேண்டும். பெயின்டைக் கையால்தான் சுரண்ட வேண்டும். கிரைண்டர் பட்டால் தாமரை மழுங்கிவிடும். பிறகு ஆளி விதை எண்ணெய். சுவருக்குள் மறைகிற பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், கரையான் அண்டாது. பிரான்சில் பழைய மரச்சாமான் பழுது பார்ப்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்: கெட்டதை மட்டும் மாற்று, வயது தெரியட்டும்.

*

கண்ணாடியில் வார்க்கும் தரை

வண்ணச் சிமென்ட் தரை ஓடு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கு பிரான்சிலும் பார்சலோனாவிலும் பரவியது. அங்கே அழுத்தும் இயந்திரம் உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் இதே வகை ஓடு செய்ய இயந்திரமே இல்லை.

துடைத்து வைத்த கண்ணாடிச் சில்லின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. மேலே காய்ந்த சிமென்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, அதன்மேல் கலவை பூசி மட்டம் பிடிக்கிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு ஓட்டில் தங்கிவிடுகிறது. மெருகுக்கு வேறெதுவும் பூசுவதில்லை. நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் தரை இது.

வீடு முழுக்கப் போட வசதி இல்லையென்றால் திண்ணைக்கு மட்டும் போடலாம். அல்லது பூஜை அறைக்கு.

*

பன்னீர்க் கொடி

பிரெஞ்சு இரும்பு வேலையிலும் சுதை வேலையிலும் திராட்சைக் குலையும் இலையும் திரும்பத் திரும்ப வரும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது இங்கே வழங்கிவரும் செய்தி. கல்தூண், கம்பி, மேலே பச்சைக் கூரை, அடியில் தொங்கும் கறுப்புக் குலைகள்: பந்தலுக்குள் நுழைந்தவர்களுக்கு ஒப்பனை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் சன்னல் கிரில் அடிக்கிற வெல்டிங் பட்டறைகள் கேட்டலாக் படத்தைப் பார்த்து மயிலையும் அன்னத்தையும் வளைக்கின்றன. ஒரு திராட்சை இலையைப் பறித்து அவர்களிடம் கொடுங்கள். அதே கம்பியில் அதே கூலிக்கு இந்த மண்ணின் கொடி படரும்.

காகிதப்பூவையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கிய செடி அது. புதுச்சேரியின் மஞ்சள் சுவர்மேல் அது வழிவதைப் பார்த்துப் படமெடுக்கிறோம். தண்ணீர் குறைந்த நம் காம்பவுண்டு சுவருக்கு அதைவிடப் பொருத்தமான செடி குறைவு.

*

அன்றாடம்

பிரெஞ்சு வீட்டு அழகின் ரகசியம் விலையுயர்ந்த பொருளில் இல்லை. நல்ல பொருளை அலமாரியில் பூட்டாமல் தினமும் புழங்குவதில் இருக்கிறது. விளிம்பு உதிர்ந்த எனாமல் ஜாடியில் பூ வைப்பார்கள். சந்தைக்குப் போகும் கூடை சமையலறைச் சுவரில் தொங்கும். நாம் நல்ல வெண்கலப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிடுகிறோம். இறக்குங்கள். புளி போட்டுத் தேய்த்துச் சோறு வடியுங்கள். புழங்கும் பாத்திரம்தான் வீட்டுக்கு லட்சணம்.

*

கைகள்

2024 டிசம்பரில் பாரிஸின் துத்தநாகக் கூரை வேலைக்காரர்களின் திறமையை யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூரை ஏறித் தகடு மடிக்கிற உழைப்பாளிகளுக்குக் கிடைத்த மரியாதை அது. புதுச்சேரிக்கு வருவோம். 2014 நவம்பர் மழையில் அங்கே கடற்கரையின் பழைய மேரி (நகர மன்ற) கட்டடம் இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்ப எழுப்பி 2021இல் திறந்தார்கள். வைசியாள் தெருவைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. சுண்ணாம்புச் சாந்து அரைக்கவும், மெட்ராஸ் டெரஸ் கூரை போடவும், சுதையில் பட்டை இழுக்கவும் தெரிந்த கொத்தனார்கள் மிச்சம் இருந்தால்தான் பழைய கட்டடங்களைச் சரியாகச் சீரமைக்க முடியும்.

நம் பகுதியிலும் அந்தக் கைகள் இருக்கின்றன, வயதாகிக்கொண்டு. வேலை கொடுத்தால்தான் அவை இருக்கும். பக்கத்தில் ஒரு பையன் நின்று கற்றுக்கொண்டால்தான் தொடரும்.

*

கோம்பைக்காரர்களுக்கும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய வீட்டை இடிக்க வேண்டிய நிலை வரலாம். குடும்பம் பெருகும், பாகம் பிரியும், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜேசிபியைக் கூப்பிடும் முன் ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்கள். நிலை, தூண், உத்தரம், ஓடு, சன்னல் கம்பி இவற்றைத் தனியே இறக்கி வையுங்கள். அவற்றில் ஒன்றையாவது புது வீட்டில் பதியுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் வீடு கட்டுகிற பக்கத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள்.