தனிக்கு எழுந்து போகிறவர்கள்

டிசம்பர் 18

விடியலில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி மாடவீதி பஜனை. பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் முன்நின்று நடத்திய வழக்கம் இது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் நிமிராமலே அடுத்த அடியைப் பாடினார். இங்கே எல்லோரும் பாடகர்கள்.

டிசம்பர் 22

தி. நகரில் ஒரு சபா. மதியக் கச்சேரி, டிக்கெட் கிடையாது. பெரும்பாலும் காலி நாற்காலிகள். பாட வந்த பெண் கரகரப்ரியா ராகத்தைப் பயந்து பயந்துதான் தொடங்கினாள். முன்வரிசையில் ஒரு மாமி தொடையில் தாளம் போட்டபடி, நல்ல பிடி விழும்போதெல்லாம் "ஆஹா" என்றார். ஒவ்வோர் ஆஹாவுக்கும் குரல் கொஞ்சம் துணிந்தது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தவள், கடைசியில் அங்கேயே நின்று கார்வை கொடுத்தாள்.

முடிந்ததும் மாமி மேடையருகே போய், "நிரவல்ல ரெண்டாம் காலத்துக்கு அவசரப்படாதேம்மா. மத்ததெல்லாம் பேஷ்" என்றார். எந்தப் பத்திரிகை விமர்சனமும் இவ்வளவு உதவாது. மாலையில் அரங்கு நிறைக்கும் வித்வான்கள் பலர் இப்படி மதியத்தில் பாடி மேலே வந்தவர்களே.

டிசம்பர் 27

மயிலாப்பூர். பிரதான உருப்படி முடிந்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி பத்ததியில் தனி, பிரதான உருப்படியோடு ஒட்டி வருகிறது. நெடுநேரம் உட்கார்ந்தவர்களுக்கு அது இடைவேளையாகிவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை. அதுவரை பாட்டுக்குத் தோள் கொடுத்தவர்கள் தங்கள் வித்தையை முழுதாகக் காட்டக் கிடைப்பது இந்தக் கொஞ்ச நேரம்தான்.

இன்று மிருதங்கமும் கடமும். குறைப்பில் மாறி மாறி வாசித்து, ஓர் ஆவர்த்தனம், அரை, கால் என்று சுருக்கி, மோரா வைத்து, கோர்வையில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். கையில் தாளம் விடாமல் வந்தவருக்கு அந்த இறக்கம் உடம்பிலேயே தெரியும். தாளம் தெரியாவிட்டால் பக்கத்தில் போடுகிறவர் கையைப் பார்த்துப் போடலாம். நான் அப்படித்தான் கற்றேன்.

ஜனவரி, முதல் ஞாயிறு

நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகள் பாடும் மைக் இல்லாக் கச்சேரி. மைக் இல்லாததால் நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது. நடக்க வந்தவர்கள் நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள்.

2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவை நினைத்துக்கொண்டேன். பறைக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் அங்கே ஒரே மேடை. "இதையெல்லாம் கேட்க ஞானம் வேண்டும்" என்று சொல்லியே எத்தனை பேரைச் சபா வாசலோடு நிறுத்தியிருக்கிறோம்! 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்தப் பெருமையில் குப்பத்துக்கும் பங்கு உண்டு.

"தனின்னா என்ன சார்?" என்று எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் கேட்டான். வியாழக்கிழமை மதியக் கச்சேரிக்கு அவனைக் கூட்டிப்போகிறேன். முன்வரிசையில், தாளம் போடுகிற யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.