செக்குபந்தியை முதலில் படி

மனை வாங்க வருகிற பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணே, இந்தப் பக்கம் ரேட் ஏறுமா?" என்பதுதான். தொழிற்பேட்டை வந்தபோது அம்பத்தூரில் ஏறியது. மெட்ரோ தூண் எழும்பியதும் பூந்தமல்லியில் ஏறியது. பத்திரம் சரியில்லாதவருக்கு அந்த ஏற்றத்தால் ஒரு பைசா பயனில்லை. நான் சொல்லித்தருவது பத்திரம் படிக்க.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆவடியில் பத்திர எழுத்தராக இருந்த பெரியவர். பத்திரத்தைப் பின்னாலிருந்துதான் திறப்பார். முதலில் சொத்து விவரம், அதில் நான்கெல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி. தாய்ப்பத்திரம் தொடங்கி எல்லாக் கிரயங்களையும் பாயில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் கிழக்கெல்லையை மட்டும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போவார். பிறகு மேற்கு. அவசரப்பட்டால் விரலை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்வார்.

அந்தப் பழக்கம்தான் சமீபத்தில் ஒரு தம்பியைக் காப்பாற்றியது. அரை கிரவுண்டு மனை. வில்லங்கம் சுத்தம், பட்டா விற்பவர் பெயரில். அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியவரை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். பழைய பத்திரத்தில் 'ஏரிக்கால்வாய்க்கு மேற்கு' என்றிருந்தது, பிந்தையதில் '20 அடி பொதுவழிக்கு மேற்கு' என்று மாறியிருந்தது. நில அளவை வரைபடமான எஃப்.எம்.பி.யில் கால்வாய் அப்படியே ஓடியது. நேரில் போனோம். கால்வாயைத் தூர்த்துத்தான் வழி போட்டிருந்தார்கள். பக்கத்து மதில்களில் இடுப்பளவுக்குத் தண்ணீர்க் கறை, காலி மனையெங்கும் கோரை. தம்பியே வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். பதியாத உயிலோ, கையெழுத்து வாங்காமல் விட்ட அக்கா தங்கையின் பங்கோ அதில் வராது. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, பெயர் பெயராக ஒத்துப்பாருங்கள்.

போட்டிக்கு ஏன் ஆள் சேர்க்கிறாய் என்று கூடத் தொழில் செய்பவர்கள் கேட்கிறார்கள். அங்கீகாரமில்லா மனைகளைப் பதியக் கூடாதென்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதை நான் மறக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று மனை வாங்கிப் போட்டவர்கள் விற்க வழியில்லாமல் நின்றார்கள். சி.எம்.டி.ஏ. அனுமதி எண் எங்கே என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விவரம் தெரிந்த நாங்கள் பக்கத்திலேயேதான் இருந்தோம். வாழ்நாளில் ஒரே ஒரு மனை வாங்குகிறவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. பெரியவரும் என்னிடம் காசு வாங்கவில்லை.

ஆவடி, பட்டாபிராம் பக்கம் மனை பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். தாய்ப்பத்திர நகலும் எஃப்.எம்.பி.யும் கையோடு இருக்கட்டும். படிப்பது நீங்கள்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.